பிடித்துக்கொள்ள ஆளில்லாத கார்

என் மகளுக்கு இரண்டு வயது நிரம்பியிருந்த சமயம். ஒரு காலை வேளையில் லஸ் முனையில் ஒரு சைக்கிள் என் காருக்குக் குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கார் நின்றது. முன்சீட்டின் மேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த குழந்தைதான் நிற்கவில்லை. அவள் முகம் போய் இரும்பு டாஷ்போர்டில் இடித்தது.

கீழுதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா நீ, கொயந்தய நிக்க வச்சிக்கினு வண்டி ஓட்டுறியே! மடில வச்சிக்க ஒரு ஆளு கெடைக்கல?"

பூ விற்கும் அம்மாள் ஒருத்தி என் கழுத்தைப் பார்த்தாள். தாலி இருந்தது. "ஊட்டுக்காரரு எங்க கண்ணு?" என்றாள்.

"டூர் போயிருக்கார்" என்றேன்.

அந்தப் பதில் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. குழந்தையின் வாயில் ரத்தம் நின்றிருக்கவில்லை. அந்த நேரத்திலும் நான் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

அவர் டூர் போகவில்லை. நங்கநல்லூரில் தன் அம்மாவோடு இருந்தார். பிரசவத்துக்காக மயிலாப்பூருக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள் நான். மூன்றாம் மாதம் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். பிறகு ஆண்டு நிறைவு ஆகட்டும் என்றார்கள். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு கோபப்பட்டிருப்பேன். காரணமே சொல்லாமல் விட்டதில், என்னிடம்தான் ஏதோ சொல்லக்கூடாத குறை இருக்கிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

எனக்கு அம்மா கிடையாது. நான் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். வீட்டில் அப்பா மட்டும். அப்பா இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். அதோடு அவர் கார் ஓட்டுவது நின்றது. ஓடுகிற குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளவும் அவரால் முடியாது. எனக்கு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிந்ததும் விடியாததுமாகப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மலையாள அம்மா தன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். குழந்தையையும் அவள் பையையும் பால் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்க முடியாமல்தான், ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பழைய காரை வெளியே எடுத்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான்.

அந்தக் காலத்தில் காரில் போகும் குழந்தைக்கு இடம் அம்மாவின் மடி. அப்பா ஓட்டுவார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வாள். வேறு ஏற்பாடு ஒன்று தேவைப்படும் என்று யாரும் நினைத்ததே இல்லை. எங்கள் காரில் அம்மா ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மடி இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டரே உதட்டில் தையல் போட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் தெரிந்துதான் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா குழந்தையின் வீங்கிய உதட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷெட்டுக்குப் போய் காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஆயா வைத்துப் பார்த்தோம். பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருத்தி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வருவாள். நல்லவள்தான். ஆனால் மந்தைவெளி தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

"ஐயா எப்பம்மா வராரு? கொயந்த பொறந்ததுலேர்ந்து நான் ஒரு தபா கூட பாக்கலியே?"

தினம் ஒரு பதில் தயார் செய்துகொண்டு காரில் ஏற வேண்டியிருந்தது. ஒரு நாள் அடையாற்றுப் பாலத்தின் மேல் அவள் தூங்கிப்போய்க் குழந்தை அவள் மடியிலிருந்து வழுக்கிக் காலடியில் விழுந்தாள். அடி எதுவும் இல்லை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி அவளை நிறுத்தியபோது என் மனத்தில் வந்த நிம்மதி வேறு காரணத்துக்கு.

பிறகு துண்டால் கட்டிப் பார்த்தேன். அப்பாவின் நீளமான ஈரிழைத் துண்டைக் குழந்தையின் இடுப்பில் சுற்றி, சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டேன். அவள் இரண்டே நிமிடத்தில் கீழே நழுவி, துண்டு அக்குளில் மாட்டிக்கொண்டு அலறினாள். போக்குவரத்துக் கான்ஸ்டபிள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "கட்டிப்போட்டா இட்டுக்கினு போற? நல்லாக் கீதும்மா" என்று சிரித்தார். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. முடிச்சு அவிழவில்லை.

இந்த விஷயம் தி.நகரில் இருந்த அத்தைக்கு எட்டியது. அத்தை அப்பாவின் தங்கை. என் கல்யாணத்தைப் பேசி முடித்தவள் அவள்தான். அத்தையின் கணவர் அத்திம்பேரும் என் கணவரின் சித்தப்பாவும் ஒரே ஆபீஸ். அதனால் நடந்ததற்கெல்லாம் தானும் பொறுப்பு என்ற குறுகுறுப்பு அவளுக்கு இருந்தது. அது எங்களிடம் அதட்டலாக வெளிப்படும்.

"பாண்டி பஜார்ல பிரம்பு நாற்காலி இருக்கு. ஸ்கூட்டர் முன்னாடி மாட்டறது. அதை வாங்கி உள்ளே கட்டிடு" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐந்தாறு விதமாக எடுத்துக் காட்டினார். முன்னால் கைப்பிடிக் கம்பி வைத்தது, வைக்காதது, கால் வைக்கப் பலகை உள்ளது. நான் காருக்கு என்றதும் அவருக்குப் புரியவில்லை.

"காருக்கா? காருல எதுக்கும்மா? நீங்கதான் மடியில வச்சுக்கிடுவீங்கல்லா?"

"நான்தான் ஓட்டறேன்" என்றேன்.

"அப்ப சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்கார். அடுத்த வருஷம் இவளையும் அழைச்சுண்டு போயிடுவார்."

கடைக்காரருக்குத் திருப்தி. பிரம்பு நாற்காலியைத் தட்டிக் காட்டி, நல்ல கெட்டி என்றார். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்கு அத்தே அப்படிச் சொன்னே?"

"பின்னே என்ன சொல்லச் சொல்றே? நீயே சொல்லேன்."

பிற்பாடு தெரிந்தது, அப்பா பார்க்கில் தன் நண்பர்களிடம் மாப்பிள்ளைக்கு வடக்கே மாற்றல் ஆகியிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். ஒரே மனிதர் டூரிலும் வடக்கிலும் வெளிநாட்டிலும் இருந்தார். நங்கநல்லூரில் இருப்பதை மட்டும் நாங்கள் மூவரும் சொல்லவில்லை.

பிரம்பு நாற்காலியை வாங்கவில்லை. அது ஸ்கூட்டர் கம்பியில் மாட்டுவதற்காகச் செய்தது. எங்கள் காரின் முன்சீட்டோ ஒரே நீளப் பெஞ்சு. அதில் எதையும் எங்கேயும் கோக்க முடியாது.

மலையாள அம்மாதான் ஒரு வழி சொன்னார். அடையாறில் ஒரு குடும்பம் இங்கிலாந்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது, அவர்களிடம் குழந்தைக்கான கார் சீட் ஒன்று சும்மா கிடக்கிறது என்றார். போனேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பரணிலிருந்து இறக்கிக் காட்டினாள். வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், நீல நிற ரெக்சின், முன்னால் குழந்தை விளையாட ஒரு பொம்மை ஸ்டீரிங். பின்பக்கம் இரண்டு கொக்கிகள். அவற்றைக் கார் சீட்டின் முதுகில் மாட்டித் தொங்கவிட்டால் போதும். அவ்வளவு அழகான பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நீங்கதான் ஓட்டறீங்களா? கூட யாரும் இல்லையா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப இது வேணும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்து ஏமாந்தேன். அவள் கொக்கியைத் தூசி தட்டிக்கொண்டே, அங்கேயெல்லாம் இப்போது இந்தக் கொக்கி போதாது என்று சொல்கிறார்களாம், கார் உடம்போடு பெல்ட் போட்டு இறுக்க வேண்டுமாம் என்றாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அந்த பொம்மை ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா காதில் வாங்கினார். வீட்டுக்கு வந்து நான் சொன்னதும், "முதல்ல குழந்தையை உட்கார வைக்காதே" என்றார். சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைப் பூசணிக்காயைத் தூக்கி வந்தார். குழந்தையை ஒரு கையிலும் பூசணிக்காயை ஒரு கையிலும் மாறி மாறித் தூக்கிப் பார்த்து, "கொஞ்சம் லேசு, பரவாயில்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சாந்தோம் தாண்டிக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். முன்சீட்டில் கொக்கி மாட்டி, சீட்டில் பூசணிக்காயை வைத்துத் துண்டால் கட்டியிருந்தோம். அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். சாலை காலியாக இருந்த இடத்தில், "இப்போ" என்றார். மிதித்தேன்.

கொக்கி இரண்டும் அப்படியே மேலே கிளம்பின. சீட்டும் பூசணிக்காயும் சேர்ந்து பறந்து டாஷ்போர்டில் மோதின. பூசணிக்காய் இரண்டாகப் பிளந்தது. சதையும் விதையும் காரின் முன்கண்ணாடி முழுக்கத் தெறித்தன. அப்பா முன்சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டு, கழன்று விழுந்த மூக்குக்கண்ணாடியைக் காலடியில் தடவிக்கொண்டிருந்தார்.

பிளந்த காயைப் பார்க்க முடியவில்லை. காரிலிருந்து இறங்கி நின்றேன்.

கடற்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மயிலாப்பூர்க்காரர்கள். அப்பாவின் பார்க் நண்பர்கள் இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன ஓய், வண்டிக்கு உள்ளேயே திருஷ்டிப் பூசணிக்காயா? புது வண்டி கூட இல்லையே இது!"

இன்னொருவர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை சௌக்கியமா? வடக்கே குளிரா இருக்குமே?"

அப்பா காரிலிருந்து இறங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நெற்றியில் லேசாக வீங்கியிருந்தது.

"மாப்பிள்ளை வடக்கே இல்லை. நங்கநல்லூர்ல இருக்கார்" என்றார். "இவளை வந்து அழைச்சுண்டு போகலை. இவ தனியா வேலைக்கு வண்டி ஓட்டிண்டு போறா. குழந்தையைப் பிடிச்சுக்க ஆளில்லை. அதுக்குத்தான் இது."

ஒருவர் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அப்பா துண்டால் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த விதைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்பா என்னைத் தூக்கி நிறுத்தியதாக நான் நினைத்திருக்க வேண்டும். அன்று அப்படி நினைக்கவில்லை. எல்லார் எதிரிலும் என் புடவையை உருவிவிட்டது போல இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் பூசணிக்காயின் பச்சை வாசனை அடித்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து வெளியே வந்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டின் கொக்கிகளை ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"இது உதவாது" என்றார். "பெல்ட்தான்."

பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் அகலமான காக்கிப் பட்டை கிடைத்தது. பூட்டும் அதிலேயே இருந்தது. ஒரு பக்கத்து நாக்கை மறுபக்கத்துக் கூட்டுக்குள் செருக வேண்டும். கழற்ற, கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன இரும்பு விசையை உள்பக்கமாக அமுக்க வேண்டும். பார்த்தால் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டையில் ஒரு மெக்கானிக் பாயிடம் போனோம். கார்த் தரையில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்க வேண்டும் என்றார் அப்பா. நான் முன்சீட்டில், என் கண் பார்வையில்தான் குழந்தை இருக்க வேண்டும் என்றேன்.

பாய் முன்பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கினார். கீழே தரை இல்லை. துருப்பிடித்துச் சல்லடையாகி, அதன் வழியே அவருடைய பட்டறை மண் தெரிந்தது. இத்தனை நாளும் அதன் மேல்தான் குழந்தையை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

"இன்னா சார் இது, வண்டியா வடிகட்டியா? இங்க போல்ட்டு போட்டா ரோட்ல உய்ந்துடும்" என்றார் பாய்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். காரை அவர் எப்படிப் போற்றி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். வாரா வாரம் மெழுகு போட்டுத் துடைத்த மேல்பாகம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.

பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். அங்கே தகடு நன்றாக இருந்தது. நான் பின்னால் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் அழுதால் என்ன செய்வேன் என்றேன். பாயும் அப்பாவும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முன்பக்கம் முழுக்கத் தகடு மாற்றினால்தான் உண்டு, அது இப்போதைக்கு நடக்காது. கடைசியில் பின்சீட்டில்தான் வைத்தோம். அடியில் தடித்த இரும்புப் பட்டை கொடுத்து, இரண்டு போல்ட் கீழே, ஒன்று பின்னால் பொருள் வைக்கும் தட்டில். காக்கிப் பட்டையைச் சீட்டின் குழாய்ச் சட்டத்தில் கோத்து இறுக்கினார்கள். குழந்தையின் தோளுக்கும் இடுப்புக்கும் தனிப் பட்டை. அப்பா தன்னுடைய சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து டிரைவர் கண்ணாடிக்குக் கீழே கட்டினார், பின்னால் இருக்கும் முகம் எனக்குத் தெரியும்படி.

மறு ஞாயிறு வேறொரு பூசணிக்காயை வைத்துப் பார்த்தோம். கடற்கரைக்குப் போகவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத் தேடி, அடையாறு தாண்டிப் போனோம். அதை நான்தான் சொன்னேன். காய் அசையவில்லை.

குழந்தை இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் பொம்மை ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டு, என்னோடு சேர்ந்து அவளும் ஓட்ட ஆரம்பித்தாள். சீக்கிரமே பூட்டைத் திறக்கும் வித்தை அவளுக்குத் தெரிந்துவிட்டது. அமுக்க விரலில் பலம் இல்லை, எங்கே அமுக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். காரை நிறுத்தியதும், "அமுக்கு, அமுக்கு" என்பாள்.

எனக்குத்தான் பழகவில்லை. தெருவில் நிறுத்தினால் யாராவது உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எதிர் வீட்டு மாமி, "குழந்தையை இப்படி இரும்புல பூட்டி எடுத்துண்டு போறியேம்மா, பாவமா இல்லையா?" என்று கேட்டாள். அந்தச் சீட் என் வீட்டு விஷயத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதாகத் தோன்றியது. கார் ஷெட்டுக்குள் போகும்வரை எனக்கு மூச்சு சரியாக வராது.

அந்த வருஷம் அத்தை பிள்ளைக்குக் கல்யாணம். தி.நகரில் ஒரு சத்திரம். நங்கநல்லூர்க்காரர்களுக்கும் அழைப்பு போயிருந்தது. அத்தை முந்தைய நாளே வந்து சொன்னாள். "அவாளும் வரா. நீ நன்னாப் பட்டுக் கட்டிண்டு வா. அந்தக் கூண்டு வச்ச காரைச் சத்திரத்து வாசல்ல நிறுத்தாதே. டாக்சி பிடிச்சுண்டு வாங்கோ."

அப்பா, "கார்லதான் வருவோம்" என்றார். ஆனாலும் நான் காரைச் சத்திரத்து வாசலில் நிறுத்தவில்லை. அடுத்த தெருவில் ஒரு வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

முகூர்த்தம் முடிந்தது. தூரத்தில் என் கணவரைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். அவர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் பக்கத்தில் வரவில்லை. சாப்பாடு ஆனதும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அப்பாவோடு கிளம்பினேன். குழந்தையைச் சீட்டில் உட்கார வைத்துப் பூட்டினேன். அப்பா முன்னால் ஏறிக்கொண்டார்.

நான் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஒரு நிமிஷம்."

அவர் தனியாக வந்திருந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடிவந்தவர் போல மூச்சு வாங்கினார். "குழந்தையைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?"

அவருக்குப் பின்னாலேயே அத்தையும் இன்னும் நான்கைந்து உறவுக்காரர்களும் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன்.

அவர் பின்கதவைத் திறந்தார். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். தூக்குவதற்காகக் கையை நீட்டி, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். அவள் வரவில்லை. பட்டை பிடித்துக்கொண்டது. அவர் பூட்டை இழுத்தார், திருகினார், மறுபடியும் இழுத்தார். முகம் சிவந்துவிட்டது. நான் போய்த் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

குழந்தை அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரலால் அந்த இரும்பு விசையைத் தொட்டுக் காட்டினாள்.

"மாமா, இங்க அமுக்கணும்" என்றாள்.

அவள் பார்க்கும் ஆண்களையெல்லாம் மாமா என்றுதான் கூப்பிடுவாள். பால்காரர் மாமா, பாய் மாமா. அவர் கை அப்படியே நின்றது. தெருமுனையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இத்தனை நாள் நான் பட்டது எல்லாம் அவருக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று பலமுறை நினைத்தவள்தான் நான். கிடைத்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்காக நான் குன்றிப்போனேன்.

அவர் அமுக்கினார். பூட்டு திறந்தது. ஆனால் அவளைத் தூக்கவில்லை. மறுபடியும் நாக்கைச் செருகிப் பூட்டினார். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

"யார் போட்டுக் கொடுத்தா இதை?"

"எங்கப்பா."

முன்சீட்டில் அப்பா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நானும் மயிலாப்பூர் வரைக்கும் வரட்டுமா?" என்றார் அவர். "மடியில வச்சுக்கறேன். இதுல எதுக்கு?"

"அவ சீட்டுலதான் வருவா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீங்கோ பக்கத்துல உட்கார்ந்துக்கலாம்."

உட்கார்ந்துகொண்டார். கிளம்பினேன். சவரக் கண்ணாடியில் குழந்தையின் முகமும் அவர் முகத்தில் பாதியும் தெரிந்தன. அவர் அவளுடைய ஒரு பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் பொம்மை ஸ்டீரிங்கைத் திருப்பி, "மாமா, லெஃப்ட்டு" என்று சொல்லிக்கொடுத்தாள்.

ராயப்பேட்டை தாண்டி மயிலாப்பூர் எல்லைக்குள் வந்ததும் நான் கியரைக் குறைத்தேன். எங்கள் தெருவுக்குக் குறுக்கு வழி இருந்தது. அதில் திரும்பவில்லை. மாடவீதியைச் சுற்றிக்கொண்டு போனேன். மெதுவாக, மாட்டுவண்டி போவது போல. காய்கறிக் கடைக்காரர் பார்த்தார். எதிர் வீட்டு மாமி கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள், நின்று குனிந்து பார்த்தாள். அவளுக்காகவே இன்னும் மெதுவாக்கினேன். என் காரின் பின்சீட்டில் ஒரு ஆண், என் குழந்தையின் அப்பா, உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் பார்க்கட்டும். எனக்கு நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது.

கோயில் குளத்து மூலையில் அவர், "இங்கேயே இறங்கிக்கறேன்" என்றார். வீட்டுக்கு வரவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனார். திரும்பி ஒரு தடவை கையை ஆட்டினார். குழந்தையும் ஆட்டினாள்.

நான் வண்டியை எடுக்காமல் இருந்தேன். அப்பா முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "ரெண்டாவது கியர்லயே வந்தியே. எஞ்சின் ஏதாவது கஷ்டப்படுத்தறதா?" என்றார்.

அவருக்கு எஞ்சின் சத்தம் நன்றாகத் தெரியும். கண்தான் மங்கல். எனக்கு முகம் எரிந்தது. அவர் "சரி, போ" என்றார்.

என் கணவர் பிறகு இரண்டு முறை குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். என்னை அழைத்துப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் வரவில்லை. சில வருஷங்களில் கோர்ட்டில் சட்டப்படி முடிந்தது. மகள் வளர்ந்து, கால் முன்சீட்டை உதைக்கும் அளவுக்கு நீண்டதும் அந்தச் சீட்டைக் கழற்றினோம். பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி தன் பிள்ளைக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கணவர் இருந்தார், கூடவே இருந்தார். இருந்தும் கேட்டாள்.

ஊர் கேட்ட கேள்விகளெல்லாம் காலப்போக்கில் ஆறிவிட்டன. கேட்டவர்களில் பலர் இன்று இல்லை. டீக்கடைக்காரரையும் பிரம்புக் கடைக்காரரையும் எதிர் வீட்டு மாமியையும் பற்றி இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. மாடவீதியில் அன்று மெதுவாக ஓட்டியதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. அந்தத் தெருவில் இன்றும் ஆட்டோவில் போகும்போது, டிரைவரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்கிறேன்.